சிவப்புத் தண்ணீர், கறுப்புத் தண்ணீர்

ஜனவரி 5, திங்கள்

கம்பெனிக்குத் தினமும் ஓர் அறிக்கை அனுப்புகிறேன். எத்தனை கதவு தட்டினேன், எத்தனை பேர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைத் தொட்டுப் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று. அதில் எழுத முடியாததை எழுதத்தான் இந்த நோட்டு. செம்மணல்துறைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இங்கே பேச ஆள் இல்லை என்று எழுதினால் பரிதாபமாக இருக்கும். பேசத் தகுந்த ஆள் இல்லை என்பதே சரி.

காலையில் சவரம். கால் மணி நேரம் பிரஷ்ஷைச் சுழற்றியும் கன்னத்தில் நுரை வரவில்லை. திரிந்த பால் மாதிரி எதுவோ ஒட்டியது. எங்கள் கோவை ஒண்டிப்புதூரில் சிறுவாணித் தண்ணீர் ஒரு கை பட்டால் போதும், சோப்பு தானாகப் பொங்கும். இங்கே வாளிக்குள் வெள்ளை வளையம். குழாய் மூக்கில் சுண்ணாம்புத் தாடி. ஹீட்டர் கம்பியைக் கழற்றினால் பவளப்பாறை. துவரம்பருப்பு எட்டு விசிலுக்குப் பிறகும் முழித்துக்கொண்டு கிடக்கிறது. இதையே குடித்து இதிலேயே குளிக்கும் ஜனங்கள், "எங்க தண்ணிக்கு என்ன கொறைச்சல்?" என்று என்னைக் கேட்கிறார்கள். தலைமுடியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்ன குறைச்சல் என்று?

மீட்டரைத் தண்ணீரில் வைத்தால் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண் வரும். ஊர்ப் பொதுக்கிணறான பள்ளத்துக் கிணற்றில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. எண்ணைப் பார்த்து எவனும் பயப்படுவதில்லை. பயப்படவும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி நான்கு கால் உள்ள கம்பி ஒன்று கொடுத்திருக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் அவர்கள் தண்ணீர், இன்னொன்றில் நம் மெஷின் தண்ணீர். கம்பியை இறக்கி சுவிட்சைப் போட்டால் ஒரே நிமிஷத்தில் அவர்கள் தண்ணீர் துருச் சிவப்பாகிவிடும், நம்முடையது அப்படியே இருக்கும். உடனே "அய்யோ மாதாவே!" அது விஷமெல்லாம் இல்லை. உப்பு இருந்தால் கரண்ட் ஓடும், ஓடினால் இரும்புக் கம்பி கரையும், அந்தத் துருதான் சிவப்பு. எட்டாம் வகுப்புப் பாடம். இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

கடற்கரைத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. எங்கிருந்தோ குழாய் போட்டு, நான்கு நாளைக்கு ஒரு முறை. தெருக்குழாயில் மீட்டரை வைத்தேன். நூற்று நாற்பது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பைப் பார்க்க வேண்டுமே, கங்கையே இறங்கி வந்தது போல.

கோவையிலிருந்து மேனேஜர் கிரிதரன் போன். "ஆத்துத் தண்ணி வந்தா என்னங்க? அதுலயும் கம்பிய விடுங்க, செவக்கும்." அவனுக்கு ஏ.சி. அறை. அவனுக்கு எல்லாமே சிவக்கும்.

திரும்பும்போது ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் குறுக்கு வழி. புதுக் குழாயைச் சாக்கடைக்குள்ளேயே படுக்க வைத்திருக்கிறான் காண்டிராக்டர். வளைவில் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். இன்னும் மண் போட்டு மூடவில்லை; மேலே கறுப்பாகச் சாக்கடை ஓடுகிறது. இதற்கும் ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருப்பான். போடட்டும். என் ஊரா இது?

ஜனவரி 11, ஞாயிறு

கடற்கரைத் தெருவில் சலேத் என்று ஒரு பெரியவர். வயது அறுபத்தாறு. கப்பலில் இருபத்திரண்டு வருஷம் சமையல்காரர். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். இதை முதல் சந்திப்பிலேயே, கேட்காமலேயே சொன்னார். இந்த ஊர்க்காரர்களுக்கு எதை யாரிடம் சொல்வது என்ற கணக்கே கிடையாது.

"தம்பி, வாங்க, இருங்க. வெயில்ல வந்திருக்கீய. டீ போடுதேன்."

"வேண்டாமுங்கய்யா."

"என்னத்த வேண்டாம்? இப்போ ஆத்துத் தண்ணி டீயில்லா. குடிச்சிட்டுப் பேசுங்க."

குடித்தேன். உண்மையைச் சொன்னால், ஐந்து மாதத்தில் நான் குடித்த முதல் டீ அதுதான். இதற்கு முன்பு குடித்தது எல்லாம் சாயம். ராட்டர்டாம் துறைமுகத்தில் முன்னூறு பேருக்கு மீன்குழம்பு வைத்த கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னார். இந்த வாரம் அந்தத் தெருவில் எனக்கு வேலையே இல்லை. அவர் வீட்டு வேப்பமரத்தில் நல்ல நிழல், அதனால்தான் போகிறேன்.

மகள் ஜெனோவா. முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. மேல்நிலைப் பள்ளியில் ரசாயன லேப் உதவியாளர். குடுவை கழுவுகிற வேலை. தெருவே அவளை "டீச்சர்" என்கிறது. நான் "அம்மிணி" என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் அது மரியாதைதான். முறைத்தாள்.

ஜனவரி 17, சனி

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

தெருக்குழாய் அருகில் பெஞ்சு போட்டு இரண்டு தம்ளரை வைத்தேன். இருபது பெண்கள் இருப்பார்கள். கம்பியை இறக்கினேன். ஆற்றுத் தண்ணீர் என்பதால் சிவக்கக் கொஞ்சம் தாமதம், ஆனாலும் சிவந்தது. சலேத் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு எஸ்கலின் வாயில் கை வைத்து, "இதையா பிள்ளைகளுக்குக் குடுத்தேன்?" என்றாள். காரியம் கனிந்து வந்த நேரம்.

ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் உப்பு ஜாடி.

"சார், ஒங்க தண்ணியில ஒரு கிள்ளு போடட்டுமா?"

"எதுக்குங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போட்டாள். சுவிட்சையும் அவளே தட்டினாள். என் மெஷின் தண்ணீர், அந்தத் தெரு முழுக்கப் பார்க்க, பீட்ரூட் சாறாக மாறியது.

"இப்போ சொல்லுங்க. உப்பு விஷமா? நாம சோத்துல விஷத்தையா போடுதோம்? கம்பி துருப்பிடிக்குது, அவ்வளவுதான். இத வச்சு ஊர ஏமாத்திட்டு அலையுதீயளே, வெக்கமா இல்ல?"

சிரித்தார்கள். எஸ்கலின்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. அரை நிமிஷம் முன்பு அழப் பார்த்தவள். சலேத் மட்டும், "விடு பிள்ளே, அவரும் வயித்துக்குத்தானே வந்திருக்காவ" என்றார். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

மீட்டரை எடுத்து அவர்கள் குடத்திலேயே வைத்துக் காட்டினேன். "ஏனுங்க டீச்சர், நூத்தி நாப்பது. போதுமுங்களா? உங்க தண்ணி தேவாமிர்தம். மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கொதிக்க வெக்கறதுகூட வேஸ்ட்டுங்க. அப்படியே பிடிச்சு அப்படியே குடிங்க. தண்ணியப் பத்தித் தெரிஞ்சவன் சொல்றனுங்க."

"எழுதிக் குடுப்பீயளா?"

"சாக்பீஸ் குடுங்க."

குழாய்க்கு மேல் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினேன். 140. நல்ல தண்ணீர். கீழே என் பெயரும் போட்டேன். நந்தகோபால். குடித்துத் தொலையட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

வெளியே போகவில்லை. சட்டை துவைத்தேன். நுரை இல்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். மிட்டாய் கொடுக்கிற சாக்கில் சலேத் வழியில் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். மகள் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போயிருந்தாள்.

"தம்பி, நீங்க சொன்ன பெறவு நாங்க கொதிக்க வைக்கதே இல்ல. தெருவுல யாரும் வைக்கல. கேஸ் மிச்சம். கொதிக்க வச்சா ருசியும் போயிருதுல்லா. அறுவது வருசமா உப்புத் தண்ணியக் குடிச்ச நாக்கு தம்பி இது. இந்தத் தண்ணி இனிக்கி. இந்தாங்க, குடிச்சுப் பாருங்க."

பித்தளைச் செம்பில் நீட்டினார். தாகம் இல்லை என்றேன். வற்புறுத்தினார். வாங்கி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, போன் வந்ததுபோல் எழுந்து வந்துவிட்டேன். தாகம் இல்லாத மனிதனைக் குடிக்கச் சொல்லி நச்சரிப்பது இந்த ஊர் உபசாரம்.

ஜனவரி 31, சனி

மாதக் கடைசி. விற்பனை இரண்டு. கிரிதரன் போனில் கத்தினான். நான் போனை மேஜையில் வைத்துவிட்டுத் தோசை வார்த்தேன். தோசைக்கல்லிலும் உப்புப் படிகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

கடற்கரைத் தெருவில் காய்ச்சல். எஸ்கலினுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கண் மஞ்சள். மீன் ஏலக்காரர் ஒருவருக்கும். மஞ்சள்காமாலை என்கிறார்கள். காரணத்தைப் பற்றி ஊரில் மூன்று கட்சி. மோர்க்காரி கட்சி, குல்பி ஐஸ் கட்சி, கண்ணேறு கட்சி. எல்லாரும் கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரில் மூளை என்பது மீனுக்கு மட்டும்தான், அதையும் குழம்பில் போட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஏழு வீடு.

மீட்டர் உப்பை மட்டும்தான் எண்ணும், கிருமியை எண்ணாது. கம்பெனிப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சும்மா ஒரு தகவல்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ஊரில் எல்லார் நெற்றியிலும் சாம்பல். பதினோரு வீடு. நேற்று சலேத்தும் படுத்துவிட்டார்.

கிரிதரனுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. "ஏனுங்க நந்தகோபால், இதுதானுங்க நம்ம சீசன்! தூங்கிட்டு இருக்கீங்களா? லாரியில முப்பது மெஷின் அனுப்பறேன்." முப்பது பேருக்குக் காமாலை வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் இதே சந்தோஷத்தோடுதான் பேசியிருப்பான்.  வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

மூன்று நாளில் பதினான்கு மெஷின். மற்றத் தெருக்காரர்கள் வீட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள். கம்பியை எடுக்கவே தேவை இருக்கவில்லை. போன மாதம் சிரித்தவர்கள் இப்போது "சார், சார்" என்கிறார்கள். இதில் ஒரு திருப்தி வர வேண்டும். வந்ததா என்றால், வந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் போய்விட்டது.

மாலை பேரூராட்சி அலுவலகம் போனேன். கடற்கரைத் தெருத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று பொதுவாகச் சொன்னேன். தண்ணீர்ப் பிரிவுப் பொறியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. டேபிள் கண்ணாடிக்கு அடியில் சாமி படம், அதன் மேல் வடை.

"நல்ல தண்ணின்னு நீங்கதானே சார் செவத்துல எழுதிப் பேரும் போட்டிருக்கீங்க? நான் போட்டோ எடுத்து மேல அனுப்பியாச்சு. கம்பெனிக்காரரே சர்டிபிகேட் குடுத்துட்டாருன்னு."

வடையைத் தின்றான். முட்டாள் என்று எழுத நினைத்தேன். முட்டாள் அவன் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

சலேத்தை ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிப்ரவரி 23, திங்கள்

பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போனேன். வேலை விஷயமாக அந்த ஊருக்கே போக வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெனோவா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் போகும் வரை படிக்கட்டுப் பக்கம் நின்றேன். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து, வேறு யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். வயிறு வீங்கியிருந்தது.

"தம்பி! அம்புட்டுத் தூரம் வந்தீயளா?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்கய்யா. எப்படி இருக்கீங்க?"

"எனக்கு என்ன? பழைய ஈரல் தம்பி. டாக்டர்மார் பயப்படுதாவ." சிரிக்கப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஒத்தாச செய்யணும். இங்க உள்ள தண்ணி எனக்கு எறங்கல. நம்ம பைப்புத் தண்ணி ஒரு பாட்டில் பிடிச்சுக் கொண்டாங்களேன். அந்தப் பிள்ளைக்கிட்ட கேட்டா ஏசுவா" என்றார்.

"சரிங்கய்யா" என்றேன்.

மருந்துப் பையோடு ஜெனோவா படியேறி வரும் சத்தம் கேட்டது. மறுபக்க வழியாக இறங்கிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், ஆய்வகச் சாமான் விற்கும் கடையைத் தேடிப் போனேன். சின்னக் கண்ணாடிப் புட்டி, அடியில் மருந்து தோய்த்த காகிதம். தண்ணீரை நிரப்பி மூடி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் போதும். மனிதக் கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். கலக்காவிட்டால் நிறம் மாறாது. ஆறு புட்டி வாங்கினேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நேற்றுக் காலை தெருக்குழாயில் மிச்சம் சொட்டியதைப் பிடித்தது. இன்று பத்து மணிக்கே கறுத்துவிட்டது. லேசான கறுப்பு அல்ல. மை.

பிப்ரவரி 27, வெள்ளி

புட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குப் போனேன். தண்ணீர் வரும் நாள். குடங்கள் வரிசையாக இருந்தன.

"ஏனுங்க, யாரும் இதக் குடிக்காதீங்க. சாக்கடை கலக்குது. இந்தப் புட்டியப் பாருங்க. கொதிக்க வெச்சு மட்டும் குடிங்க. மெஷின் வாங்கச் சொல்லலீங்க, மெஷினே வேண்டாமுங்க, கொதிக்க வெச்சாப் போதும்."

எஸ்கலின் முன்னால் வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் பத்தியச் சோறு போட்டுப் போட்டு அவளே பாதியாகியிருந்தாள். புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போன தடவ செவப்பு. இந்தத் தடவ கறுப்பா? அடுத்த தடவ பச்சையாக்கிக் காட்டுவீயளோ?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒரு கிழவர் காறித் துப்பினார். "நோவுல கெடக்க வீட்டுலயும் யாவாரமா?" என்றார். என் கண் முன்னாலேயே ஒருத்தி குழாயில் கையைக் குவித்துக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குக் காட்டுவதற்காகவே குடித்தாள்.

இந்த ஜனங்களுக்குப் பொய் சொன்னபோது மாதாவைக் கூப்பிட்டார்கள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னால் துப்புகிறார்கள். இவர்களைத் திட்டி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இந்த மூன்று வரிதான் வந்தது.

மார்ச் 1, ஞாயிறு

துணி எடுத்துப் போக ஜெனோவா ஊருக்கு வந்திருந்தாள். வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. புட்டியை நீட்டினேன்.

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். லேபில் வேலை செய்கிறவள். அது என்னவென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எந்தத் தண்ணின்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒங்க கக்கூசுல பிடிச்சதா இருக்கும்."

"இன்னும் அஞ்சு புட்டி இருக்குங்க. நீங்களே பிடிங்க. நான் தொடல."

புட்டியை மூடினாள். பிறகு ஐந்தையும் வாங்கிக்கொண்டாள். என்னை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு எஸ்கலினைக் கூப்பிட்டாள். தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து இரண்டு புட்டி. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஒன்று. பள்ளத்துக் கிணற்றில் இரண்டு. எல்லாவற்றையும் எஸ்கலின் கையாலேயே நிரப்பச் சொல்லி, காகிதத்தில் எழுதி ஒட்டி, கோயில் முகப்பில் மாதா சுரூபத்துக்கு அடியில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள். எஸ்கலினைக் காவலுக்கு வைத்தாள்.

என்னிடம், "நீங்க பக்கத்துல வரக் கூடாது" என்றாள்.

வரவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

குழாய்த் தண்ணீர் இரண்டும் கறுப்பு. கொதித்தது தெளிவு. பள்ளத்துக் கிணறும் தெளிவு. ஆயிரத்து அறுநூற்று நாற்பது என்று நான் ஏழு மாதமாகக் காறித் துப்பிய அந்தக் கிணறு.

தெருவே பேரூராட்சிக்குப் போனது. ஜெனோவா முன்னால், புட்டிகளை ஒரு மீன்கூடையில் வைத்துக்கொண்டு. பொறியாளர் என் சுவர் எழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அந்த ஆள விடுங்க. அந்த ஆளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான். ஒங்களுக்குத் தெரிஞ்சது என்ன? அதச் சொல்லுங்க" என்றாள்.  அரை மணியில் வால்வை மூடினார்கள்.

எங்கே கலக்கிறது என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆகும் என்றார்கள். தெருவின் இந்த முனையிலிருந்து தோண்டிக்கொண்டே போகப் போகிறார்களாம். அதுவரை தாங்காது. நான் நேராக ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போய், வளைவில் நின்று, "இங்க தோண்டுங்க" என்றேன். மண்வெட்டி இரண்டாவது வெட்டில் டியூப் தெரிந்தது. அழுகி விரிந்து, சாக்கடையை உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"எப்படிக் கரெக்டா சொன்னீங்க சார்?" என்றார் பொறியாளர்.

"அனுபவமுங்க" என்றேன்.

ஜெனோவா என்னைப் பார்த்தாள்.  மாலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் சலேத் இறந்துவிட்டார்.

மார்ச் 7, சனி

அடக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றேன். கிரிதரன் இரண்டு தடவை கூப்பிட்டான். இந்த வட்டாரத்தில் அதிக விற்பனை நான்தானாம், பாராட்டுக் கூட்டமாம். போனை அணைத்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். வேப்பமரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாற்காலி காட்டவில்லை.

"ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம பதில் சொல்லணும். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால நேரா போய் நின்னீங்களே. அந்த எடம் எப்பிடித் தெரியும்?"

அனுபவம் என்ற சொல் வாய் வரை வந்தது.

"முன்னாடியே பாத்திருக்கனுங்க."

"எப்போ?"

"ஜனவரி ஒம்பதாந் தேதி."

கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிந்தது. நீண்ட கணக்கு இல்லை.

"செவத்துல எழுதினது பதினேழு."

"ஆமாங்க."

"குழாய் சாக்கடையில கெடக்குன்னு தெரியும். மீட்டர் கிருமியக் காட்டாதுன்னும் தெரியும்."

"தெரியுமுங்க."

"அப்போ கொதிக்க வைக்காமக் குடிங்கன்னு ஏன் சொன்னீங்க?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். ஞாபகம் இல்லை, யோசிக்கவில்லை, தண்ணீர் ஓடுகிற வேகத்தில் அழுக்கு உள்ளே போகாது என்று நினைத்தேன். இரண்டு மாதமாக இந்த நோட்டில் ஊரையே திட்டித் திட்டி எழுதியது எல்லாம் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பதற்குத்தான் என்று அப்போது தெரிந்தது.

"கோவமுங்க. நீங்க எல்லார் முன்னாடியும் சிரிக்க வெச்சுட்டீங்கன்னு கோவம்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஏதோ செத்த பூச்சியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் இந்த ஊரைப் பார்த்த பார்வை. வெளியிலிருந்து அது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"கோவம் எம்மேலதானே? எங்கிட்டக் காட்டியிருக்கலாம். ரெண்டு வார்த்த ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பேன், முடிஞ்சிருக்கும். எங்கப்பா ஒங்களுக்கு டீதானே போட்டுத் தந்தாவ?"

அன்று செம்பை வைத்துவிட்டுப் போன இடத்தைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில ஒங்களக் கேட்டுட்டே இருந்தாவ. தம்பி தண்ணி கொண்டாறேன்னு சொன்னாவளாம், இன்னும் காங்கலன்னு."  எழுந்து உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். போலீசுக்கும் போக மாட்டேன். பதினோரு வீட்டுல காமால. எங்க வீடு போக பத்து. ஒவ்வொரு வீடாப் போய், எங்கிட்டச் சொன்னத அப்பிடியே சொல்லுங்க. ஒரு வார்த்த கொறைக்கக் கூடாது. அடிச்சா வாங்கிக்கிடுங்க."

"சரிங்க."

"சொல்லிட்டு, மெஷினத் தூக்கிட்டு ஊரவிட்டு ஓடிரக் கூடாது. பத்தும் முடிக்கணும்."

மார்ச் 11, புதன்

நான்கு வீடு. மீன் ஏலக்காரர் சட்டையைப் பிடித்தார், அவர் மனைவி விலக்கிவிட்டாள். பிடித்தபடியே விட்டிருக்கலாம். ஒரு வீட்டில் நான் பேசி முடிக்கும் முன்பே கதவைச் சாத்தினார்கள்; சாத்திய கதவிடம் மீதியைச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கம்பெனிக்கு ராஜினாமா அனுப்பினேன். அந்த நான்கு கால் கம்பியை வளைத்து உடைத்தேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

இன்று இன்னும் ஐந்து வீடு முடிந்தது. எஸ்கலின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

பிள்ளைகள் இரண்டும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன. கண்ணில் இன்னும் லேசாக மஞ்சள். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையிலிருந்து எழவில்லை. நான் சொல்லச் சொல்ல மீனை அரிந்துகொண்டே இருந்தாள். ஒன்பதாந் தேதி பார்த்தது, பதினேழாந் தேதி எழுதியது, ஏன் எழுதினேன் என்பது. ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

முடித்ததும் கையைக் கழுவினாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன்.

"இன்னைக்குத்தான் மறுபடி தண்ணி விட்டிருக்கான். புதுக் குழாய் மாத்திட்டானாம்" என்றாள். தலை நிமிர்ந்தேன். தயக்கத்தோடு குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை. "பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?"

மீட்டர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"தெரியாதுங்க" என்றேன். "கொதிக்க வெச்சுக் குடுங்க."

அடுப்பைப் பற்ற வைத்தாள்.